பிந்தி வரும் வலது கை

மச்சாள்,

உன்னுடைய இசைத்தட்டு என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. அட்டையை விரித்ததும் பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது. கூறைச் சேலைக்கும் மற்றப் பட்டுச் சேலைகளுக்கும் நடுவில் அதை வைத்திருந்தாய் என்று உன் மகள் யாழினி சொன்னாள். இசைத்தட்டை நிமிர்த்தி வைக்க வேண்டும், படுக்கப் போட்டால் வளைந்துவிடும் என்பதுகூட உனக்குத் தெரியாதா? வளையவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நீ போய் இருபத்தாறு நாள். இந்த நாட்களில் உனக்காக நான் அழுதது கொஞ்சம், உன்னோடு சண்டை பிடித்தது அதிகம். பதில் வராது என்று தெரிந்த பிறகு சண்டை இன்னும் சூடாகிறது. உயிரோடு இருந்தபோதும் நீ பதில் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யாழினி சனிக்கிழமை மியூனிக்கிலிருந்து ரயிலில் வந்தாள். அங்கே பக்கத்தில் கார்ஹிங் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலேயே மெலிந்திருந்த பிள்ளை, இப்போது எலும்பும் தோலுமாக நிற்கிறாள். உன் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும் அல்லவா? அதில் போடும் வாழ்க்கைக் குறிப்பைத் தானே தமிழில் தட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"மாமி, என்ர தமிழ் உங்களுக்குத் தெரியும்தானே. பிழை இருந்தா வெட்டுங்கோ. திங்கக்கிழமை அச்சுக்குக் குடுக்கோணும்."

வெட்டினேன். ஒரு பக்கத்தில் 'அன்னார்' ஒன்பது தடவை வந்திருந்தது, ஆறை எடுத்தேன். றகர ரகரப் பிழைகள் நான்கு. 'சிறந்த இல்லத்தரசியாகவும் விருந்தோம்பலில் இணையற்றவராகவும் விளங்கினார்' என்ற இடத்தில் பேனா நின்றது. உன் விருந்தோம்பல் எனக்குத் தெரியாததா? உன் சோறு எப்போதும் குழையும். உன் மீன்குழம்பில் ஒரு நாளும் புளி போதுமானதாக இருந்ததில்லை.

"இதை உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை மாமி. மற்ற மலருகளைப் பாத்து எழுதினனான். எல்லா அம்மாமாருக்கும் அப்பிடித்தானே போடுறவை. அம்மான்ர பழைய ஃபோர்முலார் எல்லாத்திலயும் ஹவுஸ்ஃப்ராவ் எண்டுதானே கிடக்கு."

ஹவுஸ்ஃப்ராவ். ஜெர்மன்காரரின் இல்லத்தரசி. அந்தச் சொல்லை உன் முதல் ஃபோர்முலாரில், அந்த அலுவலகப் படிவத்தில், ஏறச் செய்தது யார் என்று உன் மகளுக்குத் தெரியவில்லை. நீ சொல்லவில்லை. நான் அடுத்த வரிக்குப் போனேன்.

பிறகுதான் அவள் தன் பையிலிருந்து இந்த இசைத்தட்டையும், மூடினால் சூட்கேஸ் போலத் தெரியும் ஒரு ரெக்கோட் பிளேயரையும் எடுத்தாள். "ஆஸ்பத்திரியிலயும் அம்மா இதைத்தான் கேட்டவ. போனில போட்டு விடுவன். ஆனா இந்தப் பிளேட்டை மட்டும் என்னைத் தொட விடேல்லை."

அட்டையில் அந்தப் பிரேசில்காரர் பியானோவின் முன் பக்கவாட்டாக உட்கார்ந்திருக்கிறார். ஒல்லியான மனிதர்; விரல்கள் தெரியவில்லை, கழுத்துப்பட்டிதான் தெரிகிறது. அமெரிக்காவுக்குப் போய் அங்கே பதிவு செய்த தட்டு. முதல் பக்கம் அமெரிக்கப் பாட்டுகள். அந்தக் காலத்தில் வானொலியின் ஆங்கிலச் சேவையில் போட்டுத் தேய்த்த, பால்காரன்கூட விசிலடித்துக்கொண்டு போன மெட்டுகள். அவற்றைப் பாட்டுக்காரர் இல்லாமல், தன் ஊர்த் தாளத்தில் உட்கார வைத்து வாசிக்கிறார். இரண்டாம் பக்கத்தில் அவருடைய ஊர்ப் பாட்டுகளை அமெரிக்கக் காதுக்கு ஏற்ப மெல்ல மடித்துக் கொடுக்கிறார். இதை நான் நாற்பது வருடமாக 'ஹோட்டல் சங்கீதம்' என்று சொல்லிவந்தேன். ஒரு தடவையாவது முழுதாகக் கேட்டுவிட்டா சொன்னேன்? இல்லை. நீ வாசித்ததை அரைகுறையாகக் கேட்டு, முகத்தைச் சுளித்து, அவ்வளவுதான்.

சனிக்கிழமை முழுதாகக் கேட்டேன். முதல் பக்கத்தின் மூன்றாவது பாட்டில் வயலின்களைச் சீனிப்பாணி போல ஊற்றியிருக்கிறார்கள். அதை இன்றும் மன்னிக்க மாட்டேன். மற்றவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தட்டைத் திருப்பிப் போட எடுத்தபோது உள் உறையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்று விழுந்தது. கொழும்பு ஹோட்டல் கொடுத்த நற்சான்றிதழ், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. மூன்று வருடங்கள் மாலை நேரப் பியானோக் கலைஞராக வேலை செய்தார், விருந்தினர் விரும்பிக் கேட்டனர், நேரம் தவறாதவர். தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பென்சிலால் உன் குண்டு எழுத்து. தமிழில் எழுதிய ஜெர்மன் வசனம்: 'இஹ் பின் பியானிஸ்டின்.' நான் பியானோக் கலைஞர். அதையே ஒன்றின் கீழ் ஒன்றாக ஐந்து தடவை எழுதிப் பழகியிருந்தாய்.

யாழினி எட்டிப் பார்த்தாள். "இது எப்ப எழுதினது மாமி?" என்றாள். எனக்குத் தெரிந்தது. எந்த நாளுக்காக எழுதினாய் என்றுகூடத் தெரிந்தது.

கன்னியர் மடத்துப் பள்ளியில் நீயும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பியானோ அறை. சிஸ்டர் எங்கள் புறங்கையில் வெறும் நெருப்புப் பெட்டியை வைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுவார். பெட்டி விழக்கூடாது. என் பெட்டி எட்டு வருடத்தில் இரண்டு தடவை விழுந்தது. இரண்டு தடவையும் எனக்குக் காய்ச்சல். உன் பெட்டி நீ பியானோவைத் திறக்கும்போதே விழுந்துவிடும். "சிஸ்டர், பெட்டிக்குச் சங்கீதம் பிடிக்கேல்லை" என்று நீ சொன்னதற்கு வகுப்பு முழுவதும் சிரித்து, வகுப்பு முழுவதும் முழங்காலில் நின்றது. லண்டன் பரீட்சைகளை நான் ஒவ்வொன்றாக ஏறி எட்டாவது வரை போனேன். நீ நான்காவதோடு நின்றாய். ஆனால் வானொலியில் காலை கேட்ட பாட்டை நீ மத்தியானம் இரண்டு கையாலும் வாசிப்பாய். நான் அதைக் கெட்ட பழக்கம் என்றேன். சிஸ்டரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் சிஸ்டர் கதவுக்கு வெளியே நின்று நீ முடிக்கும்வரை கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

பிறகு நான் உன் அண்ணனைக் கட்டி, அவரோடு முதலிலேயே ஜெர்மனிக்கு வந்துவிட்டேன். நீ கொழும்பில் தட்டச்சு வேலை என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு, கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில் மாலைகளில் பியானோ வாசித்தாய். விஷயம் தெரிந்தபோது உன் அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. குடிக்கிற ஆம்பிளையளுக்கு முன்னால என்ர தங்கச்சியோ என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் அவரைவிட மோசமாக நினைத்தேன். அவராவது குடிகாரரைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு நீயும் வந்து சேர்ந்தாய். ஒரு சூட்கேஸ். அதில் இரண்டு சேலையும் இந்த இசைத்தட்டும். "எடி, உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடி வாறவள் கொண்டு வாற சாமானோ இது?" என்றேன். "இது கனமில்லை மச்சாள்" என்றாய்.

உனக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்த மாதம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் டெர்மின், நேரில் வரச்சொல்லிக் குறித்துத் தந்த நேரம். மொழிபெயர்க்க நான் வந்தேன். எனக்கு அந்த மேசை புதிதல்ல. அதற்கு அரை வருடம் முன்பு அதே மேசைக்கு முன் இருந்து, என் சான்றிதழ்களை அடுக்கி, 'பியானோ ஆசிரியை' என்று எழுதுவித்திருந்தேன். அந்த மேசைக்குரிய, கண்ணாடி போட்ட அம்மா நகரத்து இசைப்பள்ளி ஒன்றில் சின்னப் பிள்ளைகளின் பாட்டு வகுப்புக்கு வாசிக்கும் வேலையை எனக்கு எடுத்துத் தந்திருந்தார். அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் ஜெர்மனில் கேட்டார்: "உங்கள் மைத்துனியும் பியானோ வாசிப்பாரா? அந்தப் பள்ளிக்கு இன்னொருவர் தேவையாம்."

பின்னால் காத்திருக்கும் கதிரைகளில் நம்முடைய ஊரார் இருவர் இருந்தார்கள். அதில் ஒருவர், உனக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தமையன். உனக்கு முப்பத்துமூன்று வயது. அந்தச் சம்பந்தமும் தவறினால் பிறகு என்ன என்று உன் அண்ணன் நித்திரையில்கூடப் புலம்பிய காலம். வாசிப்பார் என்றால் எங்கே வாசித்தார் என்று அடுத்த கேள்வி வரும். பின்னால் இரண்டு காதுகள் அல்ல, நான்கு காதுகள்.

"நைன்" என்றேன். இல்லை.

"வேறு தொழில்?"

"ஹவுஸ்ஃப்ராவ்."

அந்த அம்மா எழுதினார். பக்கத்தில் உன் கைப்பையின் கொக்கி டக் என்று பூட்டிய சத்தம் கேட்டது. பை திறந்திருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என்ன எடுக்கப் போனாய் என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமைதான் தெரிந்தது.

பஸ்ஸில் வரும்போது நீ சொன்னது ஒன்றே ஒன்று. "அந்த மனிசி நல்ல மனிசி, என்ன மச்சாள்?"

"ஓம்" என்றேன்.

ஐந்து தடவை எழுதிப் பழகிய வசனம் உன் வாயில் இருந்தது. மூன்றே சொல். மேசைக்கும் உனக்கும் நடுவில் ஒரு முழம். நான் 'நைன்' என்றவுடன் நீ அதைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? மூஞ்சி கறுத்திருக்கும். வீட்டுக்கு வந்து உன்னைத் திட்டியிருப்பேன். ஒரு கிழமை கதைத்திருக்க மாட்டேன். அதற்காகவா? ஒரு கிழமை என் மூஞ்சியைப் பார்க்கப் பயந்தா இருபத்தொரு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வெள்ளைத் துணி மடித்தாய்? உன் விரல் நுனிகள் வெடித்துக் கிடந்ததற்கு நான்தான் மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தந்தேன். "மச்சாள் நல்ல களிம்பு பாத்து வாங்குவா" என்று அதற்கும் என்னைப் புகழ்ந்தாய்.

ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் என்னைப் பிடித்து நிறுத்தி நீ ஒரு வசனம் சொல்லுவாய்: "இந்த நாட்டில எனக்கு வாய் என்ர மச்சாள்தான்." நான் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வேன். அதில் ஊசி இருந்ததா, மச்சாள்? இருந்திருந்தால் உன்னை மன்னிக்கிறேன். இல்லாமல் சொல்லியிருந்தால் மன்னிக்க மாட்டேன்.

நான் இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் 'பியானோ ரீச்சர்' ஆகிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்க முன் நீ சம்பல் போத்தலோடு வந்தாய். நான் குசினிக்குள் போய் வருவதற்குள் பியானோவின் முன் இருந்துவிட்டாய். இந்தத் தட்டில் உள்ள முதல் பாட்டு. இடது கை நடந்துகொண்டே இருந்தது. வலது கை எப்போதும் ஓரடி பின்னால். பிள்ளைகள் தங்கள் புத்தகங்களை மூடிவிட்டு உன்னைச் சுற்றி நின்றார்கள். ஒரு சின்னவள் தோளை ஆட்டினாள்.

"வலக்கை பிந்துது" என்றேன் வாசலில் நின்று.

"பிந்தேல்லை மச்சாள், நிண்டு வருது" என்றாய், நிறுத்தாமல். "றோட்டில தெரிஞ்ச ஆளைக் கண்டா நிண்டு ரெண்டு கதை கதைச்சிட்டு வாறேல்லையோ, அப்பிடி."

பிள்ளைகள் சிரித்தார்கள். என் வகுப்பில் அவர்கள் சிரித்ததில்லை.

"எழும்பு. பிள்ளையளின்ர கை பழுதாப் போகும்."

"ஓம் ரீச்சர்" என்று எழுந்து நின்று சலூட் அடித்தாய். அதற்கும் சிரித்தார்கள். அதன் பிறகு என் வீட்டுப் பியானோவை நீ தொட்டதில்லை. துடைக்கக்கூட இல்லை, மற்ற எல்லாத் தளபாடத்தையும் துடைப்பாய்.

குடும்ப மானம், சம்பந்தம், பின்னால் இருந்த நான்கு காதுகள் என்று நாற்பது வருடமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். சனிக்கிழமை அந்தக் காரணமும் போய்விட்டது. நற்சான்றிதழைப் பற்றி யாழினிக்குச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். மேசைக்கு முன் நடந்ததையும் சொன்னேன். "உன்ர அப்பா வீட்டுக்குத் தெரியக்கூடாது எண்டுதான்" என்று முடித்தேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அப்பாவுக்குத் தெரியுமே, மாமி. கலியாணத்துக்கு முதலே அம்மா கடிதத்தில எழுதினவ. அதைக் கேட்டிட்டுத்தான் அப்பா ஓம் எண்டவராம். பிளோமார்க்டில, அந்தப் பழஞ்சாமான் சந்தையில, பழைய பிளேயர் ஒண்டு வாங்கி, கலியாணத்தண்டு இரவு அந்தப் பிளேட்டைப் போட்டவையாம். ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பினம்."

நான் யாரிடமிருந்து மறைத்தேனோ அவருக்கே தெரியும். நீங்கள் இருவரும் என் வீட்டுக்கு வந்து, என் கதிரையில் இருந்து, என் தேத்தண்ணியைக் குடித்து, நான் காப்பாற்றிய மானத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் போயிருக்கிறீர்கள். பத்து வருடத்துக்கு முன் அவர் போனபோது மாலை போட்டுக் கும்பிட்டேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் அண்ணன் போன பிறகு நீயும் நானும்தானே மிச்சம்? இரண்டு விதவைகள் ஒரு பானைச் சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்ட எத்தனை மத்தியானம்! அந்த மத்தியானங்களில் ஒன்றிலாவது சொல்லியிருக்கலாம்.

காரணம் போன பிறகு மிஞ்சியது என்ன என்று பார்த்தேன். பொறாமை. எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன். அந்த அம்மா 'இன்னொருவர் தேவை' என்றபோது எனக்கு முதலில் கேட்டது நான்கு காதுகளின் சத்தம் அல்ல. அந்தப் பள்ளியில் பிள்ளைகள் உன்னைச் சுற்றி நிற்கும் சத்தம்.

ஞாயிறு காலை யாழினி ஊன்ட்றொப்புக்கு ஐயரைப் பார்க்கப் போனாள். நான் தாளம் தட்டும் கருவியை, என் மெட்ரோனோமை, எடுத்து ரெக்கோட் பிளேயருக்குப் பக்கத்தில் வைத்தேன். எழுபத்தைந்து வயதில் செய்கிற வேலையா என்று கேட்பாய். செய்தேன். வேகத்தைப் பொருத்த ஆறு தடவை ஊசியைத் தூக்கி வைத்தேன். பிறகு பேனாவும் தாளுமாக இருந்து, முதல் பாட்டில் அந்த மனிதர் எங்கே பிந்துகிறார் என்று அடையாளம் போட்டேன்.

எல்லா இடத்திலும் பிந்துகிறார். வானொலியில் அந்த மெட்டு விழுந்த இடத்தில் அவர் விரல் விழுவதே இல்லை. சில இடத்தில் முந்தியும் வருகிறார். ஆனால் இடது கை ஒரு மயிரிழை அசையவில்லை. வசனம் முடியும் இடத்தில் இரண்டு கையும் ஒன்றாக வந்து இறங்குகின்றன, ஒவ்வொரு தடவையும், மெட்ரோனோமின் தட்டலில். பிழை ஒன்றுகூட இல்லை. பிந்துவதற்கு இவ்வளவு கணக்குச் சுத்தம் வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த மலிவான அமெரிக்க மெட்டு, ஆயிரம் தடவை கேட்டு அலுத்த மெட்டு, அந்த இடைவெளிக்குள் வந்ததும் யாரோ யோசித்துப் பேசுவது போல ஆகிவிடுகிறது. அதே இடைவெளியைத்தான் நீ என் வீட்டில் வாசித்தாய். நான் காது இருந்தும் கேட்கவில்லை. இல்லை, கேட்டது. கேட்டதால்தான் எழும்பச் சொன்னேன்.

மத்தியானம் யாழினி வந்ததும் திருத்திய தாளைக் கொடுத்தேன். 'இல்லத்தரசி' வரியை முழுதாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு வசனம் எழுதியிருந்தேன். 'இவர் கொழும்பில் மூன்று வருடங்கள் பியானோக் கலைஞராகத் தொழில் செய்தார். ஜெர்மனியில் அந்தத் தொழில் இவருக்குக் கிடைக்காமல் செய்தவர் இவருடைய மச்சாள்.' பக்கத்தில் என் முழுப் பெயர்.

வாசித்தாள். இரண்டாம் முறை உதடு அசைய வாசித்தாள்.

"மாமி, ரெண்டாவதைப் போட ஏலாது."

"ஏன் ஏலாது? பிழை இருக்கோ?"

"ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் உன்ர கொம்மாவைத் துணி மடிக்க விட்டனான். சொல்லட்டும்."

"உங்களுக்கு விசரே மாமி? வாற சனம் முழுக்க உங்களைத்தான் பாக்கும், உங்களைப் பற்றித்தான் கதைக்கும்." அவள் குரல் உடைந்தது. உன்னைப் போலவே மூக்கு முதலில் சிவந்தது. "அண்டைக்கும் அம்மாக்குப் பதிலா நீங்கள் கதைச்சிட்டியள். இண்டைக்கும் அவவின்ர மலரில நீங்களே கதைக்கப் போறியளோ?"

நான் எத்தனையோ பிள்ளைகளைத் திருத்தியவள். என்னை ஒருவர் இப்படித் திருத்தியது சிஸ்டருக்குப் பிறகு அன்றைக்குத்தான். கோபம் வந்தது. பேனாவை அவள் கேட்கவில்லை. நானே எடுத்து இரண்டாவது வசனத்தைக் கோடு பிடித்து வெட்டினேன், என் பெயரோடு.

முதல் வசனம் இன்று காலை அச்சுக்குப் போய்விட்டது. முப்பத்தோராம் நாள் வருகிறவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "உண்மையே? எங்களுக்குத் தெரியாதே" என்பார்கள். பிறகு வாழ்க்கை முழுவதும் உன்னோடு இருந்தவள் என்று என்னிடம் வந்து கேட்பார்கள், ஏன் அவ இங்க வாசிக்கேல்லை ரீச்சர் என்று. அதற்கான பதிலை வெட்டிய வசனமாக நான் வைத்திருக்கிறேன். கேட்கிற ஒவ்வொருவருக்கும் அதை என் வாயால் சொல்ல வேண்டும்.